அறுவைக்குப் பிறகும் பத்து ஆண்டுகள்

"அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர். சாதாரணக் கட்டின்னுதான் சொல்லி வச்சிருக்கோம்."

புற்றுநோய் மருத்துவர்களிடம் மகன்களும் கணவர்களும் தணிந்த குரலில் வைக்கும் கோரிக்கை இது. அம்மா வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஃபைல் மகன் கையில் இருக்கும். பயாப்ஸியில் என்ன வந்தது, ஆபரேஷனா கீமோவா, செலவு எவ்வளவு என்பதெல்லாம் உள்ளே பேசி முடிந்துவிடும். அம்மாவுக்கும் பெரும்பாலும் விஷயம் தெரிந்துதான் இருக்கும். மருத்துவமனை வாசலில் இருக்கும் பெயர்ப்பலகையை அவரும் படித்திருப்பார். ஆனால் பிள்ளைகள் வருத்தப்படுவார்களே என்று அவரும் தெரியாதவர் போலவே இருந்துவிடுவார்.

இது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. 1960இல் அமெரிக்காவில் ரேச்சல் கார்சனுக்கு மார்பகத்தை அகற்றினார்கள். பூச்சிக்கொல்லிகளின் தீங்கைப் பற்றிய 'சைலன்ட் ஸ்பிரிங்' நூலை அவர் எழுதிக்கொண்டிருந்த நேரம். உயிரியல் படித்தவர். புற்றா என்று நேராகவே கேட்டார். முன்னெச்சரிக்கைக்காக எடுத்தோம் என்று அறுவை மருத்துவர் சொல்லிவிட்டார். மேற்கொண்டு சிகிச்சை எதுவும் தரப்படவில்லை. சில மாதங்கள் கழித்து நோய் பரவத் தொடங்கியபோது, கிளீவ்லாந்தில் ஜார்ஜ் கிரைல் என்ற மருத்துவரைத் தேடிப்போய்த்தான் உண்மையைத் தெரிந்துகொண்டார். 1964இல், 56 வயதில் இறந்தார்.

அன்பினால்தான் மறைக்கிறார்கள், சந்தேகமில்லை. ஆனால் மார்பகப் புற்றுநோய் மறைத்து வைத்துச் சமாளிக்கக்கூடிய நோய் அல்ல. இதன் சிகிச்சையில் மருத்துவமனை செய்யும் பகுதி ஏறத்தாழ ஓராண்டுக்குள் முடிந்துவிடும். பலருக்கு மிச்சம் ஐந்து, பத்து ஆண்டுகள், நோயாளி தன் வீட்டில் தானே செய்துகொள்ள வேண்டியது. தனக்கு என்ன வந்தது என்று தெரியாமல் அதை எப்படிச் செய்வார்?

2022இல் உலகம் முழுவதும் 23 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்று கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 6,70,000 பேர் இறந்தார்கள். இந்தியாவில் அந்த ஆண்டுக்கான மதிப்பீடு 1,92,000 புதிய நோயாளிகள், 98,000 மரணங்கள். உலகக் கணக்கில் மரணம் புதிய நோயாளிகளில் மூன்றில் ஒன்றுக்கும் குறைவு, நம் கணக்கில் பாதி. இந்த இடைவெளிக்கு முதல் காரணம் தாமதம்: கட்டி பெரிதாகி, அக்குளுக்குப் பரவிய பிறகுதான் பலர் வருகிறார்கள். சென்னையில் அடையாறு புற்றுநோய் நிறுவனம் நடத்தும் பதிவேட்டை 1980களிலிருந்து பார்த்தால் இன்னொரு மாற்றமும் தெரியும். ஒரு காலத்தில் பெண்களிடம் முதலிடத்தில் இருந்தது கருப்பை வாய்ப் புற்று. அது குறைந்துகொண்டே வர, மார்பகப் புற்று ஏறி முதலிடத்தைப் பிடித்துவிட்டது. தாமதமான முதல் பிரசவம், குறைந்த பிள்ளைகள், குறைந்த தாய்ப்பால் மாதங்கள், உடல் பருமன், நீண்ட ஆயுள் என்று காரணங்கள் பல. இவற்றில் எதையும் ஒரு தனிப்பட்ட பெண்ணின் குற்றமாக்க முடியாது. "என்ன பாவம் செய்தேன்" என்ற கேள்விக்கு மருத்துவத்தில் பதிலே இல்லை.

மார்பில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்று அல்ல. புற்றுக்கட்டி பொதுவாக வலிக்காது. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. வலித்திருந்தால் மறுநாளே மருத்துவரிடம் போயிருப்பார்கள். தோல் ஓரிடத்தில் குழிவது, காம்பு புதிதாக உள்ளிழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து ரத்தம் கசிவது, அக்குளில் கட்டி ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும். ஆண்களுக்கும் வரும், நூறு நோயாளிகளில் ஒருவர் ஆண்.

மேமோகிராம் இல்லாத ஊரில் என்ன செய்வது? இதற்கு மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998இல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. குடிசைப்பகுதிகள் உட்பட நகரின் பல பகுதிகளைச் சேர்ந்த ஒன்றரை லட்சம் பெண்கள் இதில் இருந்தார்கள். பாதிப் பேருக்கு, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கையால் மார்பகத்தைப் பரிசோதித்தார்கள். இருபது ஆண்டுக் கணக்கு 2021இல் வெளிவந்தது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் மார்பகப் புற்று மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்தது. அதற்குக் கீழான வயதினரிடம் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. இயந்திரம் எதுவும் இல்லாமல், பழகிய விரல்களால் மட்டும் கிடைத்த பலன் இது. இது நாடு முழுக்கப் போய்ச் சேராமல் இருப்பதற்குப் பணம் ஒரு காரணமாக இருக்க முடியாது.

சந்தேகம் வந்துவிட்டால் அடுத்தது பயாப்ஸி. இங்கேதான் நம் மக்கள் தயங்குகிறார்கள். ஊசி குத்தினால் புற்று பரவிவிடும், கத்தி பட்டால் வேகமாக வளரும் என்று சொல்லாத தெரு இல்லை. கோர் பயாப்ஸி செய்துகொண்டதால் யாருடைய ஆயுளும் குறைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, ஸ்பிரிங் வைத்த ஊசியால் நூல் தடிமனில் சில துணுக்குகளை எடுப்பார்கள். ஸ்டேப்ளர் அடிப்பதுபோல ஒரு 'டக்' சத்தம் கேட்கும், அவ்வளவுதான். உண்மையில் கெடுதல் செய்வது வேறொன்று. "முதல்ல எடுத்துடலாம், அப்புறம் டெஸ்டுக்கு அனுப்பலாம்" என்று, பயாப்ஸி இல்லாமலே சின்ன மருத்துவமனையில் கட்டியை அறுத்து எடுப்பது. அப்படி எடுத்தால் எவ்வளவு ஓரம் விட்டு வெட்ட வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. மறுபடி ஒரு அறுவை தேவைப்படும். முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கும் வாய்ப்பும் போய்விடும்.

எடுத்த துணுக்கு என்ன ஆகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் அடுத்த பத்தாண்டுச் சிகிச்சை அதிலிருந்துதான் தீர்மானமாகிறது. உடனே ஃபார்மலினில் போட வேண்டும். தாமதித்தாலோ, வெறும் உப்புநீரில் அனுப்பினாலோ, ஃபார்மலினில் நாள்கணக்கில் ஊறவிட்டாலோ பின்னால் செய்யும் சோதனைகள் பொய்யாகிவிடும். பிறகு அதை மெழுகில் பதிய வைப்பார்கள். அந்த மெழுகுக் கட்டிதான் 'பிளாக்'. பிளாக்கிலிருந்து ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கு தடிமனுக்குச் சீவி, கண்ணாடிச் சில்லில் ஒட்டி, சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார் நோய்க்குறியியல் மருத்துவர். புற்றா, பால் நாளங்களுக்குள்ளேயே அடங்கியிருக்கிறதா, சுவரை உடைத்து வெளியே வந்துவிட்டதா, செல்கள் எவ்வளவு உருமாறியிருக்கின்றன என்பது இதில் தெரிந்துவிடும்.

இத்தோடு முடியவில்லை. அதே பிளாக்கிலிருந்து இன்னும் சில சீவல்களில் மூன்று கேள்விகள் கேட்கப்படும். செல்லின் உட்கருவில் ஈஸ்ட்ரோஜென் ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பி இருக்கிறதா? அதுதான் ஈ.ஆர். புரொஜெஸ்டிரோனுக்கான ஏற்பி? அது பி.ஆர். செல்லின் வெளிச்சுவரில் ஹெர்-2 என்ற புரதம் அளவுக்கு மீறிக் குவிந்திருக்கிறதா? ஏற்பியைத் தேடி ஒட்டும் எதிர்ப்புரதத்தைச் சில்லில் ஊற்றி, நிறமூட்டியைச் சேர்த்தால், ஏற்பி உள்ள உட்கருக்கள் பழுப்பாகத் தெரியும். இல்லாதவை நீலமாகவே இருக்கும். மருத்துவர் பழுப்பை எண்ணுவார். நூற்றில் ஒன்று பழுப்பாக இருந்தாலே ஈ.ஆர். பாசிட்டிவ். ஹெர்-2வுக்கு மதிப்பெண்: பூஜ்யம், ஒன்று என்றால் நெகட்டிவ், மூன்று என்றால் பாசிட்டிவ், இரண்டு என்றால் தெளிவில்லை, மரபணுவையே எண்ணிப் பார்க்கும் 'ஃபிஷ்' சோதனைக்குப் போக வேண்டும். செலவைப் பார்த்து இந்தச் சோதனையைத் தள்ளிப்போடுபவர்கள் உண்டு. தள்ளக் கூடாது.

ஒரே பெயரில் அழைத்தாலும் இவை வேறுவேறு நோய்கள். உலக அளவில் பத்தில் ஏழு ஹார்மோன் ஏற்பி கொண்டவை. நம் நாட்டு மருத்துவமனைக் கணக்குகளில் இது சற்றுக் குறைவு. ஏழில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரை ஹெர்-2 மிகுந்தவை. மூன்றும் இல்லாததை டிரிபிள் நெகட்டிவ் என்கிறார்கள். அது வேகமானது, இளம்பெண்களிடம் கூடுதலாக வருவது, இந்தியாவில் அதன் பங்கு மேலைநாடுகளைவிட அதிகம். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு ஆறு கீமோ, எனக்கு ஏன் எட்டு, அவருக்கு மாத்திரை உண்டு, எனக்கு ஏன் இல்லை என்ற வார்டுச் சர்ச்சைகளுக்கெல்லாம் விடை அந்த ஒரு பக்க ரிப்போர்ட்டில் இருக்கிறது.

ஹார்மோனுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருப்பதை முதலில் காட்டியவர் ஜார்ஜ் பீட்சன் என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர். பால் சுரப்பைப் பற்றி ஆராய்ந்தவர். மாட்டின் சினைப்பையை எடுத்துவிட்டால் பால் வற்றாமல் நீளும் என்பது பண்ணைக்காரர்களின் அனுபவ அறிவு. அப்படியானால் சினைப்பைக்கும் மார்பகத்துக்கும் ஏதோ தொடர்பு இருக்க வேண்டும் என்று யோசித்து, முற்றிய மார்பகப் புற்று கொண்ட இளம்பெண்ணின் சினைப்பைகளை அகற்றினார். கட்டி சுருங்கியது. 1896இல் 'லான்செட்' இதழில் எழுதினார். ஈஸ்ட்ரோஜென் என்ற பொருளையே யாரும் பிரித்தெடுக்காத காலம். அது 1929இல்தான் நடந்தது. பீட்சனின் சிகிச்சை சிலருக்குப் பலித்தது, பலருக்குப் பலிக்கவில்லை. ஏன் என்பது 1950களின் பிற்பகுதியில் சிகாகோவில் எல்வுட் ஜென்சன் ஈஸ்ட்ரோஜென் ஏற்பியைக் கண்டறிந்த பிறகே புரிந்தது. ஏற்பி இருந்தவர்களுக்குப் பலித்திருக்கிறது.

அடுத்த திருப்பம் ஒரு தோல்வியிலிருந்து வந்தது. 1962இல் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் வேதியியலாளர் டோரா ரிச்சர்ட்சன் ஒரு மருந்தைத் தயாரித்தார். கருத்தடை மாத்திரையாக வேண்டும் என்பது நோக்கம். எலிகளிடம் வேலை செய்தது. பெண்களிடம் தலைகீழாகக் கருமுட்டை வெளியாவதைத் தூண்டியது! கருத்தடைக்கு உதவாது என்றானதும் கிடப்பில் போட்டிருப்பார்கள். ஆனால் ஈஸ்ட்ரோஜென் ஏற்பியில் போய் உட்கார்ந்துகொண்டு ஹார்மோனை அண்டவிடாமல் செய்யும் குணம் அதற்கு இருந்தது. மான்செஸ்டரின் கிறிஸ்டி மருத்துவமனையில், முற்றிய மார்பகப் புற்று கொண்ட 46 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார் மேரி கோல் என்ற மருத்துவர். பத்துப் பேருக்குக் கட்டி அடங்கியது. 1971இல் வந்த அந்தச் சிறு கட்டுரையிலிருந்து டாமாக்ஸிஃபென் புறப்பட்டது. பிறகு கிரெய்க் ஜோர்டன் என்ற ஆய்வாளர், இதை முற்றியவர்களுக்கு மட்டுமல்ல, அறுவை முடிந்தவர்களுக்கும் ஆண்டுக்கணக்கில் கொடுக்க வேண்டும் என்று ஆய்வக எலிகளில் காட்டி வாதாடினார். இன்று ஈ.ஆர். பாசிட்டிவ் நோயில் ஐந்து ஆண்டு டாமாக்ஸிஃபென், நோய் திரும்புவதை ஏறத்தாழப் பாதியாகவும், பதினைந்து ஆண்டுக் காலத்தில் மரணத்தை மூன்றில் ஒரு பங்கும் குறைக்கிறது. விலை நாளொன்றுக்குச் சில ரூபாய். புற்றுநோய் மருத்துவத்தில் இவ்வளவு மலிவாக இவ்வளவு உயிர் காத்த மருந்து வேறில்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஹெர்-2வின் கதை வேறு மாதிரி. கலிஃபோர்னியாவில் டென்னிஸ் ஸ்லாமன் 1987இல், ஹெர்-2 மரபணு பெருகியவர்களுக்கு நோய் மூர்க்கமாக இருப்பதைக் காட்டினார். அந்தப் புரதத்தையே பிடித்து அடக்கும் டிராஸ்டுசுமாப் 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதுவரை எல்லாரும் அஞ்சிய வகை, நல்ல சிகிச்சை உள்ள வகையாக மாறியது. தடை விலைதான். மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஓராண்டு போட வேண்டிய ஊசி, நம் நடுத்தரக் குடும்பங்களை வீடு விற்க வைத்தது. 2014இல் பெங்களூரின் பயோகான் இதன் ஒப்பு மருந்தைக் கொண்டுவந்தது. மற்ற நிறுவனங்களும் வந்தன. விலை படிப்படியாக இறங்கியது. நாலாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த ஒரு பிரிட்டன் ஆய்வு, ஆறு மாதமே பலருக்குப் போதும் என்று 2019இல் காட்டியது. ஓராண்டுக்குப் பணமில்லை என்பதற்காக ஹெர்-2 சிகிச்சையே வேண்டாம் என்று விட்டுவிடுபவர்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய விஷயம் இது. இந்த ஊசி இதயத்தைச் சோர வைக்கலாம் என்பதால் இடையிடையே எக்கோ எடுப்பார்கள்.

அறுவை பற்றி. அமெரிக்காவின் வில்லியம் ஹால்ஸ்டெட் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், மார்பகத்தோடு நெஞ்சுத் தசைகளையும் அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் ஒட்டுமொத்தமாக அகற்றும் முறையை நிலைநாட்டினார். எவ்வளவு அதிகம் வெட்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்பது முக்கால் நூற்றாண்டுக்கு மதம்போல நடந்தது. பிட்ஸ்பர்க்கின் பெர்னார்ட் ஃபிஷர் அதைச் சோதனைக்கு உட்படுத்தினார். கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தவர்களும் மார்பகத்தையே எடுத்தவர்களும் இருபது ஆண்டுகள் கழித்து ஒரே அளவில் உயிரோடு இருந்தார்கள். மிலானில் வெரோனேசி என்ற மருத்துவரும் அதையே கண்டார். இரண்டு முடிவுகளும் 2002இல் வெளிவந்தன. ஆனாலும் நம்மிடம் "முழுசா எடுத்துடுங்க டாக்டர், நிம்மதி" என்ற குரல்தான் ஓங்கி ஒலிக்கிறது. கட்டி பெரிதாக இருந்தால் அது சரி. கதிர்வீச்சு மையம் நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் புரிந்துகொள்ளலாம். சின்னக் கட்டி, அருகில் மையம், ஆனாலும் முழுதாக எடுப்பது என்றால் அதை முடிவு செய்தவர் யார் என்று கேட்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் நோயாளி அல்ல.

அக்குளிலும் இப்போது எல்லாக் கணுக்களையும் எடுப்பதில்லை. நீலச் சாயம் செலுத்தி, முதலில் நீலமாகும் ஓரிரு கணுக்களை எடுத்துப் பார்ப்பார்கள். அவற்றில் புற்று இல்லை என்றால் மற்றவற்றைத் தொட வேண்டியதில்லை. மறுநாள் சிறுநீர் நீலமாகவோ பச்சையாகவோ போகும். முன்கூட்டியே சொல்லி வைக்காததால் பதறிப்போகும் நோயாளிகள் உண்டு. டாடா மருத்துவமனையின் ராஜேந்திர பட்வே தலைமையில் பதினொரு இந்திய மருத்துவமனைகளில் 1,600 பெண்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2023இல் வெளிவந்தது. கட்டியை எடுப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு அதைச் சுற்றி லிடோகேய்ன் போட்டார்கள். பல் பிடுங்கும்போது மரத்துப்போகப் போடும் அதே மருந்து. ஐந்து ஆண்டு கழித்து உயிரோடிருந்தவர்களின் பங்கு 86.4 சதவீதத்திலிருந்து 90.1 ஆக உயர்ந்தது. மலிவான மருந்து என்பதால் இதை விளம்பரப்படுத்த எந்த நிறுவனமும் இல்லை.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வரும்போது கூடவே ஒரு டிரெய்ன் பை வரும். நைட்டிக்குள் தொங்கவிட்டுக்கொண்டு, தினமும் காலையில் எத்தனை மில்லி என்று அளந்து நோட்டில் எழுதி, முப்பதுக்குக் கீழே இறங்கியதும் எடுத்துவிடுவார்கள். அந்த நாட்களிலேயே சுவரில் விரல்களை ஊன்றி மேலே ஏற்றும் பயிற்சியைத் தொடங்க வேண்டும். வலிக்கிறதென்று கையை ஒடுக்கி வைத்தால் தோள் இறுகிவிடும். பிறகு தலை பின்னுவதும் ரவிக்கை கொக்கி போடுவதும் பெரும்பாடு.

கீமோவில் மக்கள் பயப்படுவது முடி கொட்டுவதற்கு. முடி வளர்ந்துவிடும், சிலருக்கு முதலில் சுருட்டையாகவே. மருத்துவர்கள் பயப்படுவது காய்ச்சலுக்கு. மருந்து ஏறி ஏழு முதல் பதினான்கு நாட்களுக்குள் வெள்ளையணுக்கள் அடிமட்டத்துக்குப் போகும். அப்போது 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். கீமோ தொடங்கும் வீட்டில் முதலில் வாங்க வேண்டியது தெர்மாமீட்டர். சர்க்கரை சாப்பிட்டால் கட்டி வளரும், கறி மீன் கூடாது என்பதெல்லாம் வாட்ஸ்அப் மருத்துவம். அந்த மாதங்களில் உடம்புக்குப் புரதம் தேவை. முட்டையும் பருப்பும் மீனும் நன்றாக வெந்ததாக இருந்தால் போதும்.

கதிர்வீச்சை நம் ஊரில் 'கரண்டு வைக்கிறது' என்பார்கள். மின்சாரம் எதுவும் உடம்பில் பாய்வதில்லை. படுத்திருக்கும் சில நிமிடங்களில் ஒன்றும் தெரியாது. முன்பு ஐந்து வாரம் போய்வர வேண்டியிருந்தது மூன்று வாரமானது. ஒரே வாரத்தில் ஐந்து தவணையில் முடிப்பதும் தகுந்த நோயாளிகளுக்குச் சமமான பலன் தரும் என்று 2020இல் வந்த பிரிட்டன் ஆய்வு சொல்கிறது. தங்க இடம் தேடும் வெளியூர்க் குடும்பங்களுக்கு மிச்சமாகும் இந்த நான்கு வாரம் பெரிய தொகை.

பிறகு ஒரு நாள் எல்லாம் முடிந்துவிடும். விசித்திரமாக, பலர் மனம் உடைவது அப்போதுதான். ஓராண்டாக யாராவது ஊசி போட்டுக்கொண்டும் பார்த்துக்கொண்டும் இருந்தார்கள். திடீரென்று மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்கிறார்கள். வீட்டார், நோய் போய்விட்டது, இனி பழையபடி சமையலறைக்கு வரலாம் என்று நினைக்கிறார்கள். அவருக்கோ மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, பால்காரர் கணக்கு மறந்துபோகிறது, திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கிறது. முப்பத்தெட்டு வயதில் மாதவிடாய் நின்றுவிட்டிருக்கலாம். உறவில் வறட்சியும் வலியும் இருக்கலாம். கேட்டால் களிம்பிலிருந்து பல வழிகள் உண்டு, ஆனால் கேட்பதற்கு வெட்கம், சொல்வதற்கு மருத்துவருக்கும் நேரமில்லை. களைப்புக்கு ஓய்வுதான் மருந்து என்று வீட்டில் படுக்க வைக்கிறார்கள். ஆய்வுகள் எதிர்மாறாகச் சொல்கின்றன: நடைதான் களைப்பைக் குறைக்கிறது.

அக்குள் கணுக்கள் எடுக்கப்பட்டவர்களுக்குக் கை வீக்கம் வரலாம், ஆண்டுகள் கழித்தும். முதலில் தெரிவது வளையலில். வழக்கமாக ஏறும் வளையல் அந்தக் கையில் மட்டும் ஏறாது; ரவிக்கைக் கை இறுகும். அப்போதே பிசியோதெரபிஸ்டைப் பார்த்தால் கட்டுப்படும், விட்டால் நிரந்தரமாகிவிடும். அந்தக் கையால் குடம் தூக்காதே, பிள்ளையைத் தூக்காதே என்று ஆயுள் முழுக்கத் தடை போடுவது பழைய அறிவுரை. கை வீக்கம் இருந்த பெண்களையே படிப்படியாக எடை தூக்கவைத்து ஒரு அமெரிக்க ஆய்வு பார்த்தது. வீக்கம் கூடவில்லை, முற்றுவது குறைந்தது. 2009இல் வந்த முடிவு இது. நம் வீடுகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

ஆண்டுதோறும் மேமோகிராம், சில மாதங்களுக்கு ஒரு முறை மருத்துவர் கையால் பரிசோதனை: அறிகுறி ஏதும் இல்லாதவருக்கு இவ்வளவே போதும். பெட் ஸ்கேனும் ரத்தத்தில் டியூமர் மார்க்கரும் வழக்கமாக எடுக்க வேண்டியதில்லை என்று சர்வதேச வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. முன்கூட்டியே எடுப்பதால் ஆயுள் கூடுவதில்லை, தூக்கம்தான் கெடுகிறது. ஆனால் வாரக்கணக்கில் விடாத முதுகுவலி, இருமல், தலைவலி என்றால் அன்றே சொல்ல வேண்டும்.

மகள்களைப் பற்றிய கேள்வி எல்லாத் தாய்மார்களுக்கும் உண்டு. மார்பகப் புற்றில் ஐந்து முதல் பத்து சதவீதம்தான் பரம்பரையாக வருவது. 1990இல் மேரி-கிளேர் கிங் பதினேழாவது குரோமோசோமில் இடம் காட்டிய பி.ஆர்.சி.ஏ.-1, பிறகு வந்த பி.ஆர்.சி.ஏ.-2 ஆகிய மரபணுக்களில் பிழை இருக்கிறதா என்பது ரத்தப் பரிசோதனையில் தெரியும். இளவயதில் வந்தவர், டிரிபிள் நெகட்டிவ் உள்ளவர், குடும்பத்தில் மார்பகமோ சினைப்பையோ பாதித்தவர் இருந்தால் சோதிக்க வேண்டும். அப்பா வழி அத்தைகளையும் சேர்த்தே எண்ணுங்கள். பிழை அப்பாவிடமிருந்தும் வரும். பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரிந்துவிடுமே என்று சோதனையைத் தவிர்ப்பவர்கள், அந்தப் பெண்ணின் உயிரைக் காக்கும் தகவலைத் தவிர்க்கிறார்கள்.

சிலருக்கு நோய் எலும்பிலோ நுரையீரலிலோ கல்லீரலிலோ திரும்பி வரும், அல்லது முதலிலேயே அப்படித்தான் தெரியவரும். நான்காம் நிலை. முழுதாகக் குணமாக்க முடியாது, ஆனால் ஹார்மோன் வகையில் ஆண்டுக்கணக்கில் வேலைக்குப் போய், சமைத்து, சண்டை போட்டு வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். ஹார்மோன் மாத்திரையோடு சேர்த்துத் தரும் பால்போசிக்ளிப் போன்ற மருந்துகள் நோயை நீண்ட நாள் அடக்கி வைக்கின்றன; 2023இல் பால்போசிக்ளிப்பின் காப்புரிமை இந்தியாவில் முடிந்ததும் விலை சரிந்தது. இவர்களிடம் போய் "தைரியமாகப் போராடு, ஜெயித்துவிடுவாய்" என்று சொல்லாதீர்கள். நோய் முற்றினால் அவர் போராடவில்லை என்று அர்த்தமா?

கடைசியாக அந்த ஹார்மோன் மாத்திரை. ஈ.ஆர். பாசிட்டிவ் நோய்க்கு ஒரு குணம் உண்டு: அவசரப்படாது. ஐந்து ஆண்டு மாத்திரை முடித்த ஏறத்தாழ 63,000 பெண்களின் கணக்கு 2017இல் வெளியானது. ஐந்தாம் ஆண்டிலிருந்து இருபதாம் ஆண்டு வரை நோய் சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தது. சின்னக் கட்டி, கணுவில் பரவாதவர்களிடமே வேறு உறுப்பில் திரும்பும் வாய்ப்பு 13 சதவீதம். கட்டி பெரிதாகவும் நான்கு முதல் ஒன்பது கணுக்களில் பரவியும் இருந்தவர்களிடம் 41. அதனால்தான் பலருக்குப் பத்து ஆண்டு மாத்திரை. டாமாக்ஸிஃபெனை ஐந்தில் நிறுத்துவதைவிடப் பத்து வரை தொடர்ந்தால் மரணம் மேலும் குறைகிறது என்று அட்லஸ் ஆய்வு 2012 டிசம்பரில் காட்டியது.

பத்து ஆண்டு நாள் தவறாமல் ஒரு மாத்திரையை விழுங்குவது எளிதல்ல. உடம்பு கொதிப்பு, மாதவிடாய் நின்றவர்களுக்குக் கொடுக்கும் லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோலில் மூட்டுவலி, எலும்புத் தேய்வு. உடம்பில் கட்டி இல்லை, ஸ்கேன் சுத்தம், பிறகு எதற்கு இந்தத் தொல்லை என்று கணிசமானவர்கள் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள், மருத்துவரிடம் சொல்லாமலே. சாதாரணக் கட்டி என்று சொல்லி வைக்கப்பட்ட பெண் நிறுத்துவதில் என்ன ஆச்சரியம்? சாதாரணக் கட்டிக்குப் பத்தாண்டு மருந்து எதற்கு?

மாத்திரை சாப்பிடுபவர் நீங்களாக இருந்தால் ஒரு வேண்டுகோள். தாங்க முடியவில்லை என்றால் தாங்கிக்கொண்டிருக்க வேண்டாம், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் அதே குடும்பத்தில் வேறொன்று ஒத்துக்கொள்ளலாம். மூட்டுவலிக்கு நடை உதவும்; எலும்புக்குக் கால்சியமும் டெக்ஸா ஸ்கேனும் உண்டு; உடம்பு கொதிப்புக்கு மருந்து உண்டு, ஆனால் மனச்சோர்வுக்குத் தரும் மருந்துகளில் பராக்ஸடின் போன்ற சில டாமாக்ஸிஃபெனின் வேலையைக் கெடுக்கும் என்பதால் கேட்காமல் எதையும் சேர்க்காதீர்கள். மாதவிடாய் நின்ற பிறகு டாமாக்ஸிஃபென் சாப்பிடும்போது ரத்தப்போக்கு வந்தால், கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தால் உடனே காட்டுங்கள். குழந்தை வேண்டும் என்றால் அதையும் சொல்லுங்கள்: பிள்ளைப்பேற்றுக்காக மாத்திரையை இரண்டு ஆண்டு வரை நிறுத்திவைத்த இளம்பெண்களிடம் அந்தச் சில ஆண்டுக் கணக்கில் நோய் கூடுதலாகத் திரும்பவில்லை என்று 2023இல் ஆய்வு வந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மாற்று வழி இருக்கிறது. நிறுத்துவதற்கு முன்னால் மருத்துவரைக் கேளுங்கள்.